விழுந்தவனுக்கு அரை நிமிஷம்

பிப்ரவரி 2, திங்கள்

மாஸ்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் என்ன பிடி பழகினோம், எங்கே தப்பு செய்தோம், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். வாங்கிப் பார்க்க மாட்டாராம், நமக்கு நாமே எழுதிக்கொள்வதாம். பரீட்சை இல்லாத நோட்டு என்றால் எனக்குச் சம்மதம்.

என் பெயர் கஜபதி. வயது நாற்பத்தேழு. சினிமாவில் சண்டைக்காரன். இருபத்திரண்டு வருஷமாக விழுந்துகொண்டிருக்கிறேன். கண்ணாடியில், குளத்தில், தக்காளி வண்டியில், ஒருமுறை நிஜமான சாணிக்குழியில். ஹீரோவின் கை என் தாடைக்கு ஒரு சாண் தள்ளிப் போகும், நான் ஒன்பது அடி தள்ளிப் போவேன். என் முதுகை ஊரே பார்த்திருக்கிறது. முகத்தைப் பார்த்தவள் என் வீட்டுக்காரி லோகா மட்டும்தான். அதுவும் டிவியை நிறுத்தி நிறுத்தி.

இந்தப் படத்தில் முதல்முறையாக நான் ஒருவனைத் தூக்கிப் போடப்போகிறேன், முகம் தெரிய. வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் கதை. ஹீரோ படகுக்காரன். பட்டாளத்துச் சமையல்காரன் ஒருவனோடு அவன் வெறுங்கையால் குத்துச்சண்டை போடுகிறான், முதல் சண்டையில் தோற்கிறான். அந்தச் சமையல்காரன் நான். வசனம் ஒன்றும் கிடையாது, ஆனால் ஒன்பது நிமிஷம் திரையில் இருப்பேன். ஹீரோவுக்குப் பதிலாக என்னிடம் விழப்போகிறவன் தில்லிபாபு.

பயிற்சி செங்குன்றத்தில், மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையில். தரை முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு உமி கொட்டியிருக்கிறார்கள். ஏழு மணிக்குக் கூரை ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கும்போது உமித்தூசி அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பேசுகிறவர்கள் குரல்கூடக் கொஞ்சம் தாமதமாக வருகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாஸ்டர் என்றால் ரோசலின். பரங்கிமலைப் பெண், இருபத்தொன்பது வயது, மாநில அளவில் மல்யுத்தம் செய்தவர். பழைய இங்கிலீஷ் புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைத் தோண்டி எடுத்துப் பழகியிருக்கிறார். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நேற்று என்னை இடுப்பில் ஏற்றிப் போட்டபோது எனக்கு என் வயது மறந்துபோயிற்று, பெயரும்தான்.

இது நாம் டிவியில் பார்க்கிற பாக்ஸிங் இல்லை. கையுறை கிடையாது, ரவுண்டுக்கு மணி கிடையாது. ஒருவன் விழுந்தால்தான் ரவுண்டு முடியும். விழுந்தவனுக்கு அரை நிமிஷம். அதற்குள் எழுந்து நடுவில் கிழித்த கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வராதவன் தோற்றவன். வெறும் முஷ்டியால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் குத்தியவன் விரல்தான் உடையும். அதனால் பாதிச் சண்டை நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக்கொண்டு, இடுப்புக்கு மேலே பிடித்து, காலைத் தட்டிக் கவிழ்ப்பதுதான்.

மூன்று பிடி பழகப்போகிறோம். எதிராளியின் கழுத்தை அக்குளில் பூட்டுவது ஒன்று. அதற்கு அந்தக் காலத்தில் ஏதோ ஒரு கோர்ட்டின் பெயரை வைத்திருந்தார்களாம், உள்ளே மாட்டினால் வெளியே வர வருஷமாகும் என்பதால். நாங்கள் அதை ‘கோர்ட்டு’ என்கிறோம். அடுத்தது குதிகால் கொக்கி: என் குதிகாலை அவன் குதிகாலுக்குப் பின்னால் மாட்டி நெஞ்சைத் தள்ளுவது. கடைசி இடுப்பேற்றம். அதுதான் படத்தில் என் பிடி.

லோகா மதியச் சாப்பாட்டு டப்பாவில் சப்பாத்தியும் ஒரு மாத்திரையும் வைத்திருந்தாள். சப்பாத்தி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

இன்று மாஸ்டருக்குத் தலைவலி வந்ததற்கு நாங்கள்தான் காரணம்.

குதிகால் கொக்கியில் கால்மேல் கால் பட்டே தீரும். பட்டால் நாங்கள் என்ன செய்வோம்? பஸ்ஸில் செய்வதைத்தான். தில்லியின் கால் என் மேல் பட்டது. அவன் உடனே பிடியை விட்டு, என் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த நேரத்தில் அவன் முகம் திறந்து கிடக்க, நான் மெதுவாக ஒரு குத்துவிட்டேன். அடுத்து என் கால் அவன்மேல் பட்டது. நானும் அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அவன் குத்தினான். பக்கத்தில் பழகுகிற இரண்டு ஜோடிகளும் இதே கதைதான். ஆலை முழுக்க ஆறு தடியன்கள் ஒருவரையொருவர் உதைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். புத்தகத்தில் நாற்பது விதமான தப்பு போட்டிருக்கிறது, இது அதில் இல்லை என்றார். இந்தப் பழக்கம் போகாவிட்டால் கேமராவில் அந்தக் காலத்துச் சண்டை தெரியாது, பெருமாள் கோயில் க்யூதான் தெரியும் என்றார். யோசித்துச் செய்கிறதா அது? கால் பட்டதும் கை தானாகப் போகிறது. அம்மா அடித்து வளர்த்த கை.

பிப்ரவரி 9, திங்கள்

கம்பெனியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோய் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டு என்னுடையது, யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். லோகா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே முகாம் போட்டபோது என்னையும் இழுத்துப்போய் விரலில் குத்திப் பார்க்கவைத்தாள். உங்களுக்குச் சர்க்கரை என்று ஒரு சின்னப் பெண் சொன்னாள். நான் அன்றைக்கு இரண்டு ஜாங்கிரி தின்றுவிட்டுப் போயிருந்தேன். மிஷின் வேறு என்ன சொல்லும்? அதை இந்தப் படிவத்தில் எழுதினால் நாளைக்கே என்னை உட்காரவைத்துவிட்டு வேறொருவனை நிற்கவைப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவன் ஜாங்கிரிக்காக இதை விடுவானா?

தாகம் அதிகமாக இருக்கிறது. உமித்தூசிதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு கனவு. தில்லியை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போடுகிறேன். அவன் கீழே வரவில்லை. கூரைக்குப் பக்கத்தில், வெயில் இறங்கும் இடத்தில், படுத்த வாக்கில் நிற்கிறான். இறங்கு என்கிறேன். தரை எங்கே இருக்குன்னு சொல்லுண்ணா, இறங்குறேன் என்கிறான். எனக்கும் தெரியவில்லை. கீழே பார்த்தால் வெறும் பொன்நிறத் தூசி.

எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன் என்று லோகா சொன்னாள்.

பிப்ரவரி 12, வியாழன்

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனால் இடது செருப்பு இல்லை. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். லோகா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ யோசனையில் வந்தேன் என்றேன்.

நிஜமாகவே நடப்பதே தனியாக இருக்கிறது இப்போதெல்லாம். தரை பஞ்சாகிவிட்டது. தார் ரோடுகூட மெத்தை மாதிரி. பாதம் எங்கே முடிகிறது, பூமி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு மிதப்பு. உடம்பு லேசானால்தான் பிடி வரும் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று என்னைக் கைதட்டிப் பாராட்டினார்கள்.

குதிகால் கொக்கி இருபது தடவை தொடர்ந்து போட்டோம். மற்ற ஐந்து பேரும் பாதிக்குப் பாதி கும்பிட்டுத் தொலைத்தார்கள். நான் ஒருமுறைகூட இல்லை. மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி, கஜாண்ணாவைப் பாருங்க, வயசுல பெரியவர், அவருக்குப் போயிடுச்சு பாருங்க பழக்கம் என்றார். எல்லோரும் தட்டினார்கள். நாற்பத்தேழு வயதில் கைதட்டு வாங்கினால் காது எப்படிச் சுடும் என்று இன்றுதான் தெரிந்தது.

தில்லி மட்டும் தட்டவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பொறாமையாக இருக்கலாம். நல்ல பையன்தான், ஆனால் அவனும் மனுஷன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டு கிளாஸ் டீ, சர்க்கரை போட்டு. கொண்டாட்டம்.

பிப்ரவரி 20, வெள்ளி

இடுப்பேற்றம் வந்துவிட்டது.

எப்படி என்று எழுதிவைக்கிறேன். வலது கை அவன் கழுத்தைச் சுற்றி. இடது கை அவன் முழங்கைக்கு மேலே சட்டையோடு சேர்த்து. நெஞ்சை ஒட்ட இழுத்து, திரும்பி, என் இடுப்பு அவன் தொப்புளுக்குக் கீழே போக வேண்டும். இடது கால் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். எல்லாம் அந்தக் காலில்தான் சுழலுகிறது. அப்புறம் குனிந்தால் போதும், அவன் தானாக வருவான். விழும்போது இடது கையை விடக்கூடாது. அதுதான் அவன் தலையை மேலே இழுத்து, முதுகில் விழவைக்கிறது. கால் நழுவினால் இரண்டு பேரும் போவோம், அவன் கழுத்தின்மேல் நான் விழுவேன்.

தூக்கும் முன் நான் “புடிச்சாச்சு” என்று சொல்ல வேண்டும். கை சரியாக இருக்கிறது, கால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் தில்லி உடம்பைத் தளர்த்திவிடுவான்.

சொன்னேன். தளர்த்தினான். எழுபது கிலோ மனுஷன் என் முதுகில் ஒரு நொடி எடையே இல்லாமல் இருந்தான். அப்புறம் உமியில் பொத்தென்று. நான் விழவில்லை. நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் சண்டை முடிந்தபிறகு நின்றுகொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்தது. தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தில்லிக்கு அடி. கழுத்து.

புடிச்சாச்சு என்று சொல்லித்தான் தூக்கினேன். நடுவில் இடது பக்கம் எல்லாம் சரிந்தது. என் தோள் அவன் தாடையில் இறங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் ஓடிவந்து தலையை அசைக்காதீங்க என்று கத்தியதும், யாரோ தண்ணீர் தண்ணீர் என்றதும் ரொம்ப தூரத்தில் கேட்டது. விழுந்தவனுக்கு அரை நிமிஷம் என்று நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. இருபத்தேழில் அவன் கண் திறந்தான்.

எலும்பு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஐந்து நாள் கழுத்துப்பட்டை. உமி ஒரு பக்கம் மேடாக இருந்திருக்கிறது, அதனால் வழுக்கியது என்று மாஸ்டரிடம் சொன்னேன். ஆள் விட்டு உமியைச் சமப்படுத்தினார்.

பிப்ரவரி 25, புதன்

காசிமேட்டில் தில்லி வீட்டுக்குப் போனேன். கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்து, நேராக முன்னால் மட்டும் பார்த்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உமி மேடு என்று அவனிடமும் சொன்னேன். தலையை ஆட்ட முடியாததால் ஆமாம் என்றானா இல்லை என்றானா என்று தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

குளிக்கப் போனபோது லோகா பின்னாலேயே வந்து கத்தினாள். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை விளாவாமல் அப்படியே காலில் ஊற்றிக்கொண்டேனாம். பார்த்தேன், பாதம் சிவந்திருந்தது. வெதுவெதுப்பாகத்தானே இருந்தது என்றேன். அவள் தன் விரலைத் தண்ணீரில் வைத்துச் சட்டென்று எடுத்து, என்னிடம் நீட்டிக் காட்டினாள். அவள் எப்போதுமே கொஞ்சம் சூடு தாங்காதவள்.

மாத்திரை ஒழுங்கா போடுறியா என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். என் பயிற்சிப் பையின் பக்கவாட்டு அறையில் அவை பத்திரமாக இருக்கின்றன. படம் முடியட்டும், எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறேன். மாத்திரை போட ஆரம்பித்தால் நான் நோயாளி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இன்னும் இரண்டே வாரம்தான்.

மார்ச் 4, புதன்

உமியில் ரத்தம். கோட்டிலிருந்து வாசல் வரை, சொட்டு சொட்டாக. யாருக்கு அடி என்று மாஸ்டர் எல்லோரையும் கையைக் காட்டச் சொன்னார். முட்டி, மூக்கு, பல் எல்லாம் பார்த்தாயிற்று. யாருக்கும் ஒன்றுமில்லை. எலியைப் பூனை பிடித்திருக்கும் என்றேன். சிரித்தார்கள்.

பாத்ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு தகர ஆணி, தலை மட்டும் தெரிந்தது. ஆலைக் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஆணி. பிடுங்கினேன். வலிக்கவில்லை. இத்தனை நீளமான ஆணி வலிக்காமல் வருவதைப் பார்க்கும்போது, சினிமாவில் எங்களுக்கு ஒட்டவைக்கிற ரப்பர்க் காயம் மாதிரி இருந்தது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். யாராவது கேட்டால் சுளுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 5, வியாழன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

தில்லி திரும்பி வந்துவிட்டான். ‘கோர்ட்டு’ பழகினோம். அவன் கழுத்து என் அக்குளில் இருந்தது. கழுத்தில் அடிபட்டவன் என்பதால் மெதுவாகத்தான் பூட்டியிருந்தேன். மாஸ்டர் போன் பேச வெளியே போயிருந்தார். தில்லி தப்பிக்க முயற்சி செய்யவே இல்லை. சும்மா நின்றான். இன்னாடா, தூங்கிட்டியா என்றேன். என் விலாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ண்ணா, நான் உன் கால் மேல நிக்கிறேன்.”

குனிந்து பார்த்தேன். என் இடது பாதத்தின்மேல் அவன் வலது குதிகால் இருந்தது. முழு எடையையும் அதில்தான் போட்டிருந்தான். என் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“எப்பலேர்ந்து?”

“நீ என் கழுத்தப் புடிச்சதுலேர்ந்து.”

பிடியை விட்டேன். அவன் நிமிர்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினான். அன்றைக்கு எல்லோரும் கை தட்டியபோதே அவனுக்குச் சந்தேகமாம். பழக்கம் போகிறதென்றால் முதலில் கை பாதி வந்து நிற்கும், அப்புறம்தான் வராமல் இருக்கப் பழகும். என் கை பாதிகூட வரவில்லையாம். அதே நாள் சாப்பிடும்போது என் முழங்கை அவன்மேல் இடித்தது, உடனே சாரி சொன்னேனாம். கால் பட்டபோதுமட்டும் எனக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்ததாம். உனக்குப் பட்டதே தெரியலண்ணா என்றான். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். அதற்குமேல் அவன் சொல்ல வந்ததை நான் சொல்லவிடவில்லை.

மரத்துப்போச்சுடா, காலை மடக்கி உட்கார்ந்தேன் என்றேன்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றான். “உனக்கு இது எவ்ளோ பெருசுன்னு தெரியும். ஆனா என் கழுத்து உன் கால் மேல நிக்கிதுண்ணா. அத மட்டும் நெனச்சுக்கோ.”

மார்ச் 6, வெள்ளி

அவனிடம் பேசவில்லை. யார் இவன் என்னைச் சோதிப்பதற்கு?

மார்ச் 9, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். காலுக்குத் தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. ஏற்றுவதற்கு முன் ஒரு நொடி குனிந்து இடது காலைப் பார்த்துக்கொள்கிறேன். தட்டையாக இருக்கிறதா, விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. பார்த்துவிட்டுத் தூக்கினால் சரியாக வருகிறது. எட்டு முறை தூக்கினேன், எட்டும் சரி. தில்லி எட்டு முறையும் உடம்பைத் தளர்த்தினான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. முதுகில் எனக்கு எல்லாம் தெரிகிறது.

மாஸ்டருக்குத்தான் பிடிக்கவில்லை. கேமரா உங்க மூஞ்சில இருக்கும், நீங்க எதுக்குண்ணா செருப்பத் தொலச்ச மாதிரி கீழ தேடுறீங்க என்றார். சமையல்காரன் பத்து வருஷம் இந்த ஆட்டத்தை ஆடியவனாம், அவன் காலைப் பார்க்க மாட்டானாம். அவர் சொல்வது நியாயம்தான்.

மார்ச் 12, வியாழன்

நாளை ஷூட்டிங். மீசை ஒட்டிப் பார்த்தார்கள், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்கள். மேக்கப் அறைக் கண்ணாடியில் ஓர் ஆள் நின்றான். தோள் அகலமாக, கழுத்து குறுகி, யாருக்கும் பயப்படாத ஆளாக. அவனை நான் திரையில் பார்க்க வேண்டும். லோகாவும் நானும் தியேட்டரில் உட்கார்ந்து, டிவியை நிறுத்தாமல், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இதைவிட எதையும் நான் இந்த உலகத்தில் இப்போது விரும்பவில்லை. நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? பயமாகவும் இருக்கிறது.

குதிகால் கைக்குட்டையை மாற்றினேன். வாசனை வருகிறது.

மார்ச் 13, வெள்ளி

கம்பெனி வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

பழவேற்காடு பக்கம் மணல்வெளியில் செட். முந்நூறு பேர் தலைப்பாகையோடு சுற்றி நின்றார்கள். நடுவில் கோடு. காலை ஒன்பது மணிக்கே வெயில் மணலில் அலையலையாக ஆடியது. கடற்காற்றில் எல்லாச் சத்தமும் துணிக்குள் சுற்றிவைத்த மாதிரி வந்தது. எனக்குப் பயம் போய்விட்டது. கனவில் இருக்கிற மாதிரி எல்லாம் மெதுவாக, அழகாக இருந்தது. குத்து, தடுப்பு, குத்து. ‘கோர்ட்டு’. குதிகால் கொக்கி. தில்லி விழுந்தான், அரை நிமிஷம், எழுந்தான், கோட்டுக்கு வந்தான். எல்லாம் ஒரே டேக்கில். டைரக்டர் மைக்கில் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு இடுப்பேற்றம். கேமரா என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. கழுத்தைச் சுற்றினேன், முழங்கையைப் பிடித்தேன், திரும்பினேன். அவன் வயிறு என் இடுப்பில் ஏறிவிட்டது. குனிந்து காலைப் பார்க்க முடியாது. காலிடம் கேட்டேன், எங்கே இருக்கிறாய் என்று. பதில் இல்லை. மணலில் தட்டையாக இருக்கலாம், விளிம்பில் மடங்கி இருக்கலாம், கடலில்கூட இருக்கலாம். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை.

சொல்ல வேண்டிய வார்த்தை வாயில் வந்து நின்றது. தில்லி அதற்காகக் காத்திருந்தான். என் தோளில் அவன் தாடை இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அந்த வார்த்தையைச் சொன்னால் அவன் நம்பித் தளர்த்துவான் என்று எனக்குத் தெரியும். பொய் என்று தெரிந்தே நம்புவான். எனக்காக அவன் செய்யப்போவது அதுதான். அது தெரிந்தபோது நேற்று கண்ணாடியில் பார்த்த அந்த மீசைக்காரன்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவனை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டேன். நிற்கவைத்தேன்.

கட் என்றார்கள். மாஸ்டர் ஓடிவந்து என்னாச்சுண்ணா என்று கேட்டார்.

“எனக்குக் கால் தெரியல மாஸ்டர்” என்றேன். “ஒரு மாசமா தெரியல.”

அவர் மணலில் மண்டியிட்டு, என்னை வானத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, எங்க தொடுறேன் சொல்லுங்க என்றார். கட்டைவிரல் என்றேன். குதிகாலில், கட்டின்மேலேயே விரலை வைத்து அழுத்தியிருந்தாராம். கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் உங்களுக்குப் போயி எல்லாரையும் கைதட்டவெச்சனே என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று சொன்னேன், அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மதியத்துக்குமேல் வேறொருவர் வருகிறார். யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. மீசையை நானே பிய்த்துக் கொடுத்தேன். தில்லி வண்டிவரை வந்தான். கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் கைவைத்தபடி ரொம்ப நேரம் நின்றான்.

மார்ச் 14, சனி

நேற்று நாலு மணிக்கு வண்டி தெருமுனையில் இறக்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று லோகா கேட்டாள். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். பைக்குள் இருக்கிற மாத்திரைகள், படிவம், தில்லியின் கழுத்து, ஆணி, எல்லாம். உட்கார்ந்தால் எதையாவது மறைத்துவிடுவேன் என்று பயம்.

கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றாள், உடனே அதற்குமுன் ஒரு நிமிஷம் உட்காரு என்றாள். டப்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், தன் கையை விட்டுச் சூடு பார்த்தாள். தரையில் உட்கார்ந்து என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கைக்குட்டையை நனைத்து நனைத்துப் பிரித்தாள். குதிகால் ஓரம் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் அழ ஆரம்பித்தாள், ஆனால் கை நிற்கவில்லை. துடைத்துக்கொண்டே அழுதாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் விரல்கள் என் பாதத்தில் நகர்ந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுக்கில் துடைத்து, உள்ளங்கையால் தாங்கி. வேறு யாருடைய காலையோ அவள் அப்படித் தடவிக்கொடுப்பதுபோல இருந்தது. அந்த ஆள்மேல் பொறாமையாக இருந்தது.

களைப்பில் ஒருமுறை கண்ணை மூடினேன். லோகா போய்விட்டாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது. என் காலைத் தொடுகிறவர் யாருமே இல்லை. பயந்துபோய்த் திறந்தேன். இருந்தாள், மடியில் காலோடு.

“தூக்கம் வருதா? சாஞ்சுக்கோயேன், நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

வேண்டாம் என்றேன். அவள் கட்டுப்போட்டு முடிக்கும்வரை நான் கண்ணை மூடவில்லை.